யூனியன்வில் கிளையில் சீர்திருத்தம்

புரட்சி வந்தால் முதலில் பறிமுதலாக வேண்டிய வீடு மோகனசுந்தரத்தினுடையதுதான். யூனியன்வில்லில் ஐந்து அறை, இரண்டு கார் நிற்கிற கராஜ். அதன் பேஸ்மென்ரில்தான் ஊர்க் கம்யூனிஸ்ட் கட்சியின் ரொறன்ரோக் கிளை மாதம் ஒரு ஞாயிறு கூடும். மொத்தம் பதினொரு தோழர்கள். தொடங்கிய நாளிலிருந்து தலைவரும் மோகனசுந்தரம்தான். தீர்மானத்தை அவர் வாசிப்பார், எல்லோரும் கை உயர்த்துவார்கள், பிறகு தேத்தண்ணீரோடு கடிக்க ரோல்ஸ் வரும்.

புதுச் செயலாளர் கோணேஸ்வரனுக்கு இது பொறுக்கவில்லை. பிறம்ரனில் ட்ரக் ஓட்டுகிறவர், வழிநெடுக யோசிக்க நேரம் இருந்தது. நாடு நாடாகக் கட்சிக்குள் கொஞ்சம் காற்று விடப் பார்த்த தலைவர்களைச் சொந்தத் தோழர்களே கவிழ்த்த கதை அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஆசை யாரை விட்டது. இரண்டு மாற்றம் கொண்டுவந்தார்: யாரும் எதையும் கேட்கலாம், வாக்கு இனி ரகசியம், துண்டெழுதிச் சப்பாத்துப் பெட்டியில் போட வேண்டும்.

பூனைக்கு மணி கட்டியது நிரூபா. சேர்ந்த நாள் தொட்டு வாயே திறக்காத நேர்ஸ் பிள்ளை.

"எங்கடை தலைவரை எப்ப மாத்திறது, தோழர்?"

மோகனசுந்தரத்துக்குத் தேத்தண்ணீர் புரையேறியது.

அடுத்த கூட்டத்துக்குள் எல்லார் வீட்டுக்கும் அவருடைய போன் போய்விட்டது. கோணேஸ்வரன் தன் பங்குக்கு நிரூபாவுக்கு எடுத்தார். "பயப்பிடாதையும் தங்கச்சி, நான் நிக்கிறன்." பதவி போனாலும் போகட்டும், அந்தப் பெட்டி பிழைத்தால் போதும் என்றிருந்தது அவருக்கு.

கூட்டத்தில் மோகனசுந்தரம் தொண்டையைச் செருமினார். "ரகசிய வாக்கெண்டா ஆளையாள் நம்பேல்லை எண்டுதானே அர்த்தம்? உது முதலாளித்துவ வியாதி. ரெண்டு மாற்றத்தையும் ரத்துச் செய்யிறம்."

"அப்ப அதைப் பெட்டியிலை போட்டுப் பாப்பம்," என்றார் கோணேஸ்வரன்.

"பெட்டி வேணுமோ வேண்டாமோ எண்டதைப் பெட்டியிட்டையே கேக்கேலாது, தோழர். சரி, ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

கைகள் உயர்ந்தன. மோகனசுந்தரம் எண்ணினார். "ஓராள் மட்டும் எதிர்ப்பு," என்று கோணேஸ்வரன் பக்கம் திரும்பிச் சிரித்தவர், சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார்.

அவர் பார்வை போன இடத்தைக் கோணேஸ்வரனும் பார்த்தார். தன் வலது கை எல்லார் கைக்கும் மேலே நின்றது. ஊரிலே இளந்தாரியாகக் கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து, தலைவர் சொன்னதும் தூக்கிப் பழகிய கை. அவரைக் கேட்காமலே மேலே போய்விட்டது.

மூலைக் கதிரையில் நிரூபா இரண்டு கையையும் மடியில் வைத்திருந்தாள்.

"செயலாளர்," என்றாள், "கூட்டக் குறிப்பிலை ஒருமனதா எண்டு எழுதிப்போடாதேங்கோ."

கோணேஸ்வரன் பேனையை எடுத்தார். எழுதுவதற்காகவாவது கையை இறக்க வேண்டியிருந்தது.