முன் சீட்டில் நாகம்மாள்

மணாலிக்குப் போவதென்று முடிவானதில் யாருக்கும் சண்டையில்லை. எப்படிப் போவது என்பதில்தான் சிங்காரவேலு வீடு ஒரு வாரமாக இரண்டுபட்டுக் கிடந்தது.

சீர்காழிக்குக் கிழக்கே கடலோரத்தில் இருக்கிறது அந்த ஊர். மீன்பிடித் தடைக்காலம் வந்து விசைப்படகுகள் கரையில் நின்றுவிட்டால் ஆண்களுக்கு அங்கே வேலை குறைவு. வலையைச் சரிசெய்வார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், மிச்ச நேரத்தில் பெண்டாட்டிமார் உயிரை எடுப்பார்கள். இந்த வருடம் சிங்காரவேலுவின் ஒரே மகள் பூமிகா கல்லூரிப் படிப்பை முடித்திருந்தாள். முடித்தால் பனி காட்டுகிறேன் என்று அவர் எப்போதோ வாய்விட்டிருந்தார். ஐஸ் பார்க்க வேண்டுமானால் ஐஸ் கம்பெனிக்குப் போகலாமே, இதற்கு மணாலி எதற்கு என்று ஊரே கேலி செய்தும் பெண் விடுவதாயில்லை.

"பிளேன்ல போனா ஒரே நாள்ப்பா. கார்ல போனா போய்ச் சேரவே பாதி லீவு காலி" என்றாள் பூமிகா.

"ரோட்டுல போனாத்தான் நாலு ஊரைப் பாக்க முடியும். பிளேன்ல என்னத்தப் பாப்ப? மேகத்தையா?" என்றார் சிங்காரவேலு.

தை மாதம்தான் ஏழு பேர் உட்காரும் கார் ஒன்றை வாங்கியிருந்தார். தினமும் காலையில் அதைத் துடைக்கிற துடைப்பில் பெயிண்டே போய்விடும் என்று நாகம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் காரின் மேலிருந்த ஆசை மட்டும் காரணமில்லை என்பது அவளுக்குத் தெரியும். இருபது வயதிலிருந்து படகின் சுக்கானைப் பிடித்த மனிதர். பஸ்ஸில் போனால்கூட டிரைவரின் முதுகைப் பார்த்தபடி, அவன் பிரேக் போடும்போதெல்லாம் தானும் காலை அழுத்துவார். முன்பின் தெரியாத ஒருவன் ஓட்ட, கையைக் கட்டிக்கொண்டு ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பது அவரால் ஆகாத காரியம்.

நாகம்மாளும் கார் கட்சிதான். மாயவரம் பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏறி, அவள் போட்ட கூச்சலில் ராட்டினத்தையே நிறுத்தி இறக்கிவிட்ட கதை குடும்பத்தில் இன்னும் ஓடுகிறது. விமானம் என்ற பேச்சையே அவள் எடுக்க விடமாட்டாள். சிங்காரவேலுவின் தம்பி வீரமணியும் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வருகிறான். அவன் இரண்டு பக்கமும் தலையாட்டினான். அவன் மனைவி அம்சவல்லி மட்டும், அவ்வளவு தூரம் ஒரே ஆள் ஓட்டினால் தூக்கம் வராதா என்று கேட்டாள்.

"நான் பக்கத்துல உக்காந்து குரல் குடுத்துக்கிட்டே வர்றேன். அண்ணன் எப்படித் தூங்குவாரு?" என்றான் வீரமணி.

குரல் கொடுப்பது அவர்கள் படகில் பழைய வழக்கம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பி, இருட்டில் பல மணி நேரம் ஓடித்தான் மீன் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மற்றவர்கள் வலைமேல் சுருண்டு படுத்துவிடுவார்கள். ஒருவன் மட்டும் பின்னால் உட்கார்ந்து, சுக்கான் பிடிக்கிறவரை அவ்வப்போது "அண்ணே" என்று கூப்பிடுவான். அவர் "ம்" என்பார். "ம்" வருகிறவரை படகு பத்திரம். இத்தனை வருடங்களில் சிங்காரவேலுவிடமிருந்து அந்த "ம்" வராமல் போனதே இல்லை. துறைமுகத்தில் அவருக்கு இருந்த நல்ல பெயர் அதனால் வந்ததுதான்.

அந்த வியாழக்கிழமை ஸ்வெட்டர் வாங்கத் தஞ்சாவூர் போனார்கள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர் கேட்டவர்களைக் கடைக்காரன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பரணிலிருந்து தூசி தட்டி எடுத்துக் கொடுத்தான். பிரியாணி சாப்பிட்டார்கள். திரும்பும்போது பூமிகா பின் சீட்டில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். நாகம்மாள் முன் சீட்டில்.

கும்பகோணம் தாண்டியதும் சாலை நேராக ஓடியது. இரண்டு பக்கமும் அறுத்துப்போட்ட வயல்கள், வெயில், ஏசியின் மெல்லிய இரைச்சல். மணாலிக்கு ஒத்திகை பார்ப்போமே என்று நாகம்மாளுக்குத் தோன்றியது. வீரமணி செய்வதைத் தானும் செய்தாள்.

"என்னங்க."

"ம்."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கூப்பிட்டாள். "ம்" என்றார். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இப்படியே மணாலி என்ன, அதற்கு அப்பாலும் போகலாம்.

தூரத்தில் சாலையின் இடது பாதியை அடைத்து உளுந்துச் செடியைக் காயப்போட்டிருந்தார்கள். ஓரத்தில் கல் வைத்திருந்தது. இரண்டு பெண்கள் குனிந்து, கோலால் செடியைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கார் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கவில்லை.

"என்னங்க, உளுந்து காயுது."

"ம்."

சொல்லிவிட்டார் அல்லவா, திருப்பிவிடுவார் என்று இருந்தாள். அந்தப் பெண்களின் சேலை நிறம் தெரிந்தது. ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னங்க, ஆளு நிக்கிது!"

"ம்... பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

நாகம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

அவள் போட்ட அலறலில் அவர் விழித்து ஸ்டியரிங்கை வெட்டினார். ஒரு கல் காரின் அடியில் இடித்துத் தெறித்தது. அந்தப் பெண்கள் கோலைப் போட்டுவிட்டு வயலில் குதித்திருந்தார்கள். கார் நிற்காமல் நேராகி ஓடியது.

"என்னப்பா ஆச்சு?" என்று பூமிகா எழுந்தாள்.

"ரோட்டுல உளுந்தைக் காயப்போட்டா வண்டி எங்கிட்டுப் போறது? அறிவு வேணாம்?" என்றார் சிங்காரவேலு. அவர் குரலில் கள்ளம் இல்லை. தான் தூங்கியதே அவருக்குத் தெரியவில்லை. நாகம்மாளுக்கு அதுதான் ஈரக்குலையை நடுங்க வைத்தது.

வீடு வந்து சேருகிறவரை அவள் அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ன புள்ள, புதுசா பாக்குற மாதிரி பாக்குற?" என்று அவர் சிரித்தார்.

யாரிடம் சொல்வது? அம்சவல்லி காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் மீன் ஏலக்கூடம் முழுக்கப் பரவிவிடும். சுக்கான் பிடிக்கிறவன் தூங்குகிறான் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால் எந்த முதலாளி படகைக் கொடுப்பான், எந்த ஆள் கூட வருவான்? சொல்லாமல் விட்டால், ஏழு பேர் ஒரே காரில் அத்தனை தூரம். அவளுக்கு இரண்டு பக்கமும் குழி தெரிந்தது.

மறுநாள் காலை கரையில் வீரமணி படகுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போனாள்.

"வீரமணி, கடல்ல நீ குரல் குடுக்கறப்ப ஒங்க அண்ணன் மூஞ்சியப் பாப்பியா?"

"இருட்டுல மூஞ்சி எங்க அண்ணி தெரியும்? 'ம்'னு சொல்லுவாரு. அது போதாதா?"

"தூங்கிக்கிட்டே சொல்றாருடா."

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பெயிண்ட் பிரஷ்ஷைக் கீழே வைத்தான். போன கார்த்திகையில் ஒருநாள் விடிந்து பார்த்தால் படகு எங்கோ வடக்கே போயிருந்தது, நீரோட்டம் இழுத்துவிட்டது என்று அண்ணன் சொன்னார், எல்லாரும் நம்பினோம் என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"நீங்களே சொல்லிடுங்க அண்ணி. நான் சொன்னா, எடத்தைப் புடிக்கப் பாக்குறான்னு நெனைப்பாரு."

அன்று மத்தியானம் சிங்காரவேலு சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாயில் படுத்தார். குறட்டை வந்தது. நாகம்மாள் மகளின் போனை எடுத்து, வீடியோ எடுக்கும் பொத்தானைத் தேடி அமுக்கி, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தாள். கட்டிய புருஷனை உளவு பார்ப்பதைப் போலக் கூசியது.

சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். டிக்கெட் ஏறிக்கொண்டே போகிறது, இன்றைக்கு ஒரு முடிவு தெரிந்தாக வேண்டும் என்று பூமிகா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதுல என்ன முடிவு? ஒங்கம்மாவைக் கேளு. கார்தான்" என்றார் சிங்காரவேலு.

"பிளேன்" என்றாள் நாகம்மாள்.

அம்சவல்லி சிரித்தேவிட்டாள். "ராட்டினத்துக்கே அந்தக் கத்து கத்துனீங்களே அக்கா!"

"ஆசையா இருக்கு. ஒரு தடவ ஏறிப் பாக்குறேன்."

சிங்காரவேலு சிரிக்கவில்லை. "நேத்துலேருந்து ஒரு மாதிரியாத்தான் இருக்க. என் வண்டியில ஏற ஒனக்கு என்ன பயம்? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

வீரமணி தரையைப் பார்த்தான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் போனை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போய் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து உளுந்துகிட்ட நீங்க தூங்கிட்டீங்க."

"பைத்தியமா ஒனக்கு? நீ கூப்புட்டப்பல்லாம் பதில் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. கண்ணு மூடியிருந்துச்சு."

"ஆளப் பாத்துப் பேசுற பேச்சா இது? முப்பது வருசமா..." அவர் குரல் ஓங்கியது. போனை அவர் முன்னால் நீட்டினாள்.

திரையில் பாய், மின்விசிறியில் ஆடும் லுங்கி நுனி, வாயைப் பிளந்து உறங்கும் சிங்காரவேலு. நாகம்மாளின் குரல் கேட்டது. "என்னங்க." குறட்டை அறுந்தது. "ம்." மறுபடி குறட்டை. "முன்னாடி ஆளு நிக்கிதுங்க." கண் திறக்கவில்லை. இமைகூட அசையவில்லை. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது அந்த வாய், முழு விழிப்பில் இருக்கிற ஆளின் குரலில்.

அவர் திரும்பப் போட்டுப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை, முகம் வெளுத்துவிட்டது.

"வீரமணிக்குத் தெரியுமா?"

"இன்னிக்குத்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேங்க. என் பயம்னே இருக்கட்டும்."

அவர் போனை அவள் மடியில் வைத்தார். கடல் பக்கமிருந்து காற்று வந்தது. "அத்தனை பேரு என்னை நம்பி வலைமேல படுத்துக் கெடப்பானுவளே, நாகு" என்றார் கடைசியில். அவர் கண் கலங்கி அவள் பார்த்தது அவர் தன் அப்பாவைப் பறிகொடுத்த அன்றைக்கு மட்டும்தான். அவளுக்குத் தாங்கவில்லை. ஸ்டியரிங்மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே போனதும் அவர் சுற்றி வளைக்கவில்லை. "ஏழு டிக்கெட்டு போடும்மா. பிளேன்லயே போவோம்" என்றார். பூமிகா குதித்தாள். அவர் தம்பி பக்கம் திரும்பினார். "எனக்கு இப்பல்லாம் என்னை அறியாம கண்ணு அசருதுடா. தடைக்காலம் முடிஞ்சா சுக்கானை நீ புடி. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன். நான் வலை பாக்குறேன்."

அம்சவல்லி ஏதோ கேட்க வாயெடுத்தாள். வீரமணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். நாகம்மாள் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஒளித்துவைக்க அவள் பட்ட பாட்டையெல்லாம் அவர் ஒரு நிமிடத்தில் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்.

திருச்சியில் விமானம் ஏறினார்கள். அது ஓடத் தொடங்கியதுமே நாகம்மாள் கண்ணை இறுக்கிக்கொண்டாள். தரை நழுவியபோது, கத்தாமலிருக்க முந்தானையைக் கடித்துக்கொண்டாள். ஜன்னல் பக்கம் இருந்த பூமிகா, காவேரி தெரிகிறது, மணல் தெரிகிறது, பாரும்மா என்று பிடுங்கினாள். இவள் பார்க்கவில்லை. மறுபக்கம் இருந்த கையைத் தேடிப் பிடித்தாள்.

"என்னங்க."

"ம்."

பழக்கம் விடவில்லை. பயத்தை மறந்து, கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பெல்ட்டுக்குள் ஒரு பக்கமாகச் சரிந்து, வாயைப் பிளந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கால் எதையும் அழுத்தவில்லை.

விமானம் ஒரு குலுங்கு குலுங்கியது.

"என்னங்க, பயமா இருக்குங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் சிங்காரவேலு, கண்ணைத் திறக்காமல்.

அவள் எழுப்பவில்லை. தூங்கட்டும் என்று விட்டுவிட்டு, அந்தக் கையை மட்டும் டில்லி வரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள்.