ஒண்ணே ஒண்ணு

ஏரிக்குள் புகுந்துவிட்ட மீனுக்கு முதலில் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று அலுவலகத்தில் மூன்று கூட்டம் நடந்தது. தொட்டிமீன் கடையில் அதற்கு டேங்க் கிளீனர் என்று பெயர். கண்ணாடித் தொட்டியில் படியும் பாசியை உறிஞ்சித் தின்று சுத்தம் செய்யும் என்பதால் வந்தது. வலைக்காரர்கள் அதைத் தகரம் என்றார்கள். தொட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். உடம்பெல்லாம் செதிலுக்குப் பதில் தகடு, பக்கத்துக்கொரு முள். அது வலையில் மாட்டினால் வலைதான் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம்.

இயக்குநருக்கு இரண்டு பெயரும் பிடிக்கவில்லை.

"தகரம்னு அறிக்கையில எழுதினா, பழைய சாமான் கடைப் பட்டியல் மாதிரி இருக்கும்யா" என்றார்.

கடைசியில் 'அயல்வழி ஊடுருவு மீனினம்' என்று தீர்மானமாயிற்று. அதை ஒரே மூச்சில் தடுமாறாமல் சொல்லக்கூடியவர் அந்த அலுவலகத்தில் மீன்வள ஆய்வாளர் ஒருவர்தான். அதனாலேயே ஒழிப்புக் குழுவுக்கு அவரைச் செயலாளராகப் போட்டார்கள்.

ஆய்வாளருக்கு அந்த மீனை வேறொரு பெயரில் தெரியும். கரியன்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி அது. வீடு மாற்றுகிற நாள். சாமான் ஏற்றிய வண்டி வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிறது. விரல் நீளத்தில் வீட்டுக்கு வந்து முழங்கை நீளத்துக்கு வளர்ந்துவிட்ட கரியன், தொட்டிக்குள் திரும்பவும் இடமில்லாமல் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கிறான். புது வீட்டில் தொட்டி வைக்க மூலைகூடக் கிடையாது. கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் கடை ஊருக்கு அந்தக் கோடியில், ஏரி இந்தக் கோடியில். மீன்வளம் படித்துப் பட்டம் வாங்கிய மனிதர் வாளியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடிக்கு நடந்தார். கூடவே வந்த ஏழு வயது மகளிடம், "கரியன் பெரிய வீட்டுக்குக் குடிபோறான்டா கண்ணு" என்றார். அவளும் கையாட்டி வழியனுப்பினாள்.

அன்று முதல் அவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வந்த சமாதானம் ஒன்று உண்டு. ஒண்ணே ஒண்ணு. ஒற்றை மீன் பெருகாது. ஜோடி வேண்டும். ஆக, இன்று ஏரியில் மொய்த்துக் கிடக்கிற இந்தக் கூட்டத்துக்கும் கரியனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. விஞ்ஞானம் முழுக்க அவர் பக்கம்தான் இருந்தது. வயிறு மட்டும் கட்சி மாறிவிட்டது. ஏரிக்கரையில் ஜீப் திரும்பும்போதெல்லாம் அது ஒரு முறை புரண்டு படுத்தது.

ஒரு நாள் முற்பகலில் வலைக்காரர் அலுவலகத்துக்குள் வந்து, 'மிக அவசரம்' என்று எழுதியிருந்த கோப்பின் மேல் ஒரு மீனைத் தொப்பென்று போட்டார். அந்தக் கோப்பு நாலு மாதமாக அதே இடத்தில் இருந்தது.

"இவரைத்தானே தேடுறீங்க? கூட்டிட்டு வந்துட்டேன். பேசி முடிச்சுக்குங்க."

"செத்த மீனை எதுக்குண்ணே மேஜையில…"

"செத்ததா? காலையில ஆறு மணிக்குப் புடிச்சது சார். சைக்கிள்ல கட்டி வெயில்லயே கொண்டாந்தேன். நம்ம எல்லாரையும் வழியனுப்பிட்டுத்தான் இது போகும்."

மீன் ஆமாம் என்பதுபோல் கோப்பின் மேல் வாலால் ஒரு தட்டுத் தட்டியது. வலைக்காரர் தோளில் இருந்த வலையை உதறி விரித்தார். அதிலிருந்த கிழிசல் ஒன்றில் தம் தலையை நுழைத்து ஆய்வாளரைப் பார்த்தார்.

"தெரியுதா? இது சன்னலு. வேணும்னா கதவும் இருக்கு, காட்டுறேன். வலையை உடனே இழுத்தா தகரம், விட்டு இழுத்தா தகரம். மத்த மீனெல்லாம் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. கரையெல்லாம் பொந்து, கால் வச்சா உள்ள இறங்குது. இதை மொதமொதல்ல கொண்டாந்து விட்ட புண்ணியவான் யாருன்னு தெரிஞ்சாப் போதும் சார். அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். இந்த வலையை அவர் மடியில போட்டு, 'உக்காந்து தைச்சுக் குடுங்க ஐயா'ன்னு சொல்லுவேன். அவ்வளவுதான்."

ஆய்வாளருக்குப் புரையேறியது. அவர் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

"யாரோ நினைக்கிறாங்க போலிருக்கு" என்று அக்கறையாகச் சொன்னார் வலைக்காரர், தலையை வலைக்குள்ளிருந்து எடுக்காமலே.

குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் வேலையை இயக்குநர் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்.

"இந்த ஊர்ல தொட்டிமீன் விக்கிறவன் எத்தனை பேரு?"

"ஒருத்தர்தான் சார்."

"அப்புறம் என்ன யோசனை? ஒழிப்புத் தொடக்க விழா அன்னிக்கே கடைக்கு சீல். அறிவிப்பை நீங்களே எழுதிடுங்க. உங்க தமிழ் கொஞ்சம் மிரட்டலா இருக்கும்."

"விக்கிறவர் வேற, விடுறவர் வேற இல்லையா சார்?"

"விடுறவனை எங்கய்யா போய்த் தேடுறது? விக்கிறவன் பலகை மாட்டி உக்காந்திருக்கானே!"

ஆய்வாளர் தாளை எடுத்தார். மிரட்டலான தமிழில் எழுதினார். சட்டம் இடறாமல் இருக்க ஒரு வரியும் சேர்த்தார்: 'மேற்படி மீனை ஏரியில் விட்டவர் பெயர் இருப்புப் பதிவேட்டில் காணப்படாத நிலையில், விற்றவரே பொறுப்பாவார்.' இருப்புப் பதிவேடு அவர் பொறுப்பில் இருந்தது. ஏரியில் எந்த மீனை யார் விட்டாலும் அதில் ஒரு வரி ஏற வேண்டும்: தேதி, இனம், எண்ணிக்கை, விட்டவர். அடித்தல் திருத்தல் கூடாது. திருத்தினால் பக்கத்தில் இயக்குநர் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும்.

அறிவிப்பை எழுதி முடித்து, கீழே தம் கையெழுத்தையும் போட்டார்.

விழா அன்று காலையில் மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடைக்காரரைப் பார்த்தா பாவமா இருக்கு" என்று மெதுவாக ஆரம்பித்தார் ஆய்வாளர். "நான் விட்டது ஒண்ணே ஒண்ணுதானே?"

"ஒண்ணோ நூறோ, அதை இப்பப் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகுது? வேலையையும் விட்டுட்டு வந்து உக்காருங்க, ரொம்ப நல்லா இருக்கும். கையை எடுங்க, காலர் படியல."

கேட்டதற்கு அது பதில் இல்லை. அதை அவர் அப்போது கவனிக்கவில்லை.

உள்ளறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். பதின்மூன்று வயதாகியிருந்தது.

"நானும் விழாவுக்கு வரட்டுமாப்பா? கரியனைப் பார்த்தா எனக்கு அடையாளம் தெரியும்."

"அடையாளம் தெரிஞ்சு?"

"அவனை மட்டும் விட்டுடுங்கன்னு சொல்லுவேன்."

ஆய்வாளர் செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

ஏரிக்கரையில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி, வாளி. வாளிக்குள் வலைக்காரர்கள் பிடித்துக் கொடுத்த ஏழு தகரம். பந்தலுக்குப் பத்தடி தள்ளி ஒரு குழி. இயக்குநர் வாளியை எடுத்துச் சென்று மீன்களைக் குழியில் கொட்டி மண் தள்ள வேண்டும். அதுதான் தொடக்கம். ஆனால் நிகழ்ச்சி நிரலை ஆய்வாளர் முந்தின வாரம் தூக்கமில்லாத கண்களோடு தயார் செய்திருந்தார். போன வருஷத்து மீன்குஞ்சு விடும் விழாத் தாளை எடுத்துத் தலைப்பை மாற்றினார், தேதியை மாற்றினார், 'மீன்குஞ்சு' வந்த இடத்திலெல்லாம் 'அயல்வழி ஊடுருவு மீனினம்' என்று மாற்றினார். ஐந்தாவது வரியின் வினைச்சொல்லை மாற்ற மறந்துபோனார்.

"அடுத்ததாக" என்று ஒலிபெருக்கி முழங்கியது, "மாண்புமிகு இயக்குநர் அவர்கள் தமது பொற்கரங்களால் அயல்வழி ஊடுருவு மீனினத்தை ஏரியில் விடுவார்கள்!"

ஆய்வாளர் எழுந்தார். அவர் நாற்காலி வரிசையைத் தாண்டுவதற்குள் இயக்குநர் வாளியைத் தூக்கிவிட்டார். இருபது வருஷமாக வாளியைக் கண்டால் தண்ணீரைப் பார்த்து நடந்து பழகிய கால்கள் இயக்குநருடையவை. நடந்தார், குனிந்தார், கேமராவைப் பார்த்துச் சிரித்தார், கவிழ்த்தார். ஏழு மீனும் திரும்பிப் பார்க்காமல் போயின. கூட்டமும் பழக்கத்தில் கை தட்டியது.

கைதட்டல் ஓய்ந்த பிறகு ஒரு வலைக்காரரின் குரல் மட்டும் கேட்டது.

"ஐயா, அது நாங்க நேத்துப் பூரா புடிச்சது."

இயக்குநரின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்துபோனது. ஆனால் பதவி சும்மா வருவதில்லை. "ஆய்வு!" என்றார். "எங்கெங்க போகுதுன்னு பார்க்கணும்ல? அதுக்காக விட்டிருக்கோம்."

கிழிந்த வலையைத் தோளில் போட்டிருந்த நம் வலைக்காரர் தலையாட்டினார். "சரிங்க ஐயா. எங்க வலைக்குத்தான் போகும். போனதும் சொல்லி அனுப்புறோம்."

விழா முடிந்தால் இருப்புப் பதிவேட்டைப் பந்தலிலேயே இயக்குநர் முன்னால் விரிப்பது வழக்கம். அலுவலக உதவியாளர் அதையும் வழக்கம்போல ஆய்வாளர் கையில் கொண்டுவந்து திணித்தார். விடப்பட்டிருக்கிறது, எழுதத்தானே வேண்டும்?

ஆய்வாளர் புதுப் பக்கத்தைத் திறந்தார். இன்றைய வரியை எழுதப் போன பேனா நின்றது. இன்று ஏழும் போனது இயக்குநர் கையால் என்று ஊரே பார்த்தது. உண்மையில் போனது ஆய்வாளர் மாற்ற மறந்த வினைச்சொல்லால். அதை யாரும் பார்க்கவில்லை. அவர் விட்டது எதையுமே யாரும் பார்ப்பதில்லை. அந்த நினைப்பில் வயிறு புரண்டு படுக்காமல் எழுந்தே உட்கார்ந்துவிட்டது.

முதல் வரியில் ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போட்டார். தாமதப் பதிவு என்று அடைப்பில் குறித்தார். இனம்: டேங்க் கிளீனர். எண்ணிக்கை: 1. விட்டவர் என்ற இடத்தில் தம் பெயரை முழுசாக எழுதினார். அதற்குக் கீழே இன்றைய தேதி, அதே இனம், 7, இயக்குநர்.

இயக்குநர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்தால் கையெழுத்தின் அழகு கெடும் என்பது அவர் கட்சி. திருத்தத்துக்குப் போடும்போது மட்டும் படிப்பார். தம் பெயருக்கு மேல் எவன் எதை மாற்றினான் என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பார்.

"அந்தக் கடைக்கு சீல் வச்சுட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஆய்வாளர் பதிவேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு அந்தக் கோடிக்கு நடந்தார். ஆறு வருஷம் முன்னால் நடந்திருக்க வேண்டிய தூரம். அரை மணிகூட ஆகவில்லை. அது அவருக்கு மேலும் வெட்கமாக இருந்தது.

கடை குறுகலானது. இரண்டு பக்கமும் தொட்டிகள், நடுவில் ஓர் ஆள் நடக்க வழி. காற்றுக்குழாய்கள் குமிழ் விட்டுக்கொண்டிருந்தன. கடைக்காரர் பாதித் தொட்டிகளைக் காலி செய்து, மீன்களைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வரிசையாக வைத்திருந்தார்.

"வாங்க சார். சீல் வைக்கிறப்ப உள்ள உயிரு இருக்கக் கூடாது பாருங்க, அதான். இந்தத் தங்கமீனுங்களை மட்டும் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்தனுப்ப அஞ்சு நிமிஷம் குடுங்க."

"சீல் இல்லை" என்றார் ஆய்வாளர். "விட்டவர் பேரு பதிவேட்டில ஏறிடுச்சு. இனி அந்த அறிவிப்பு செல்லாது. நீங்களே படிச்சுக்குங்க."

கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, பதிவேட்டைத் தொட்டி விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தார். முதல் வரியை இரண்டு முறை படித்தார். முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"வித்தவனுக்குத் தெரியாதா சார், யார் வீட்டுக்கு எது போச்சுன்னு? வீடு மாத்துனீங்க. அதுக்கப்புறம் தீவனம் வாங்க நீங்க வரல. செத்திருந்தா பாப்பா அழுதுட்டு வந்திருக்கும், வேற கேட்டிருக்கும். அதுவும் வரல."

"அப்ப ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அறிவிப்புல கையெழுத்து உங்களுது. உங்களைப் பத்தி உங்ககிட்டயே வந்து புகார் கொடுக்கச் சொல்றீங்களா?" கடைக்காரர் பதிவேட்டைத் திருப்பி நீட்டினார். "எழுதினது பெரிய மனசு சார். ஆனா எண்ணிக்கை தப்பு."

"என்ன தப்பு?"

"ரெண்டு."

"ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. கரியன்."

"கரியன் மொதல்ல வாங்கினது. நாலு மாசம் கழிச்சு நீங்களே ஸ்கூட்டரை நிறுத்திட்டு வந்தீங்க. 'தனியா கிடக்குதுங்க, பார்க்கப் பாவமா இருக்கு, துணைக்கு ஒண்ணு குடுங்க'ன்னு கேட்டீங்க. கொஞ்சம் சின்னது, வால்ல வெள்ளைப் புள்ளி. எப்பவும் தொட்டியில போட்ட கட்டைக்கு அடியிலதான் கிடக்கும், கண்ணுலயே படாது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்."

ஒரு தொட்டியில் குமிழ்கள் ஏறி உடைந்துகொண்டிருந்தன. ஆய்வாளருக்கு வாளி நினைவு வந்தது. தொட்டியைக் கட்டையும் தண்ணீருமாக அதில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கையாலும் தூக்க வேண்டியிருந்த கனம். ஒரு மீனுக்கு இவ்வளவு கனமா என்று அன்றே தோன்றியதும், வண்டிக்காரர் ஹாரன் அடித்ததும், அடியில் எட்டிப் பார்க்காமலே கவிழ்த்ததும். ஒண்ணோ நூறோ என்று இஸ்திரிப் பெட்டிக்குமேல் குனிந்திருந்த மனைவியின் தலையும் நினைவு வந்தது. விஞ்ஞானம் சத்தமில்லாமல் இடம் மாறி வயிற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

"ஒண்ணுன்னே இருக்கட்டும் சார்" என்றார் கடைக்காரர். "என் கடை தப்பிச்சாச்சு. ஐயாவும் கையெழுத்துப் போட்டாச்சு. ஒத்தை மீனுன்னா யாரும் உங்களை ஒண்ணும் கேட்க முடியாது. மாத்தினீங்கன்னா அவர் மறுபடி போடணும். படிப்பாரு."

"ஆமா. படிப்பார்."

ஆய்வாளர் பதிவேட்டை ஒரு காலித் தொட்டியின் மேல் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். 1ஐக் குறுக்கே அடித்தார். பக்கத்தில் 2 போட்டார். அவசரத்தில் அது 7 மாதிரி தெரிந்தது. அதையும் அடித்துவிட்டு, எழுத்தால் எழுதினார்: இரண்டு.

"உங்ககிட்ட வலை தைக்கிற ஊசி இருக்குமா?" என்று கேட்டார்.

"சின்ன கைவலைக்கு வச்சிருக்கேன். எதுக்கு சார்?"

"ஒருத்தருக்குத் தைச்சுக் கொடுக்கணும். பழக்கமில்லை, நாளாகும்."

ஊசியைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, பதிவேட்டை நெஞ்சோடு அணைத்தபடி அவர் அலுவலகம் பக்கம் நடந்தார். இயக்குநர் ஐந்து மணி வரை இருப்பார். இப்போது மணி நாலே கால்.