ஆவணிக் கடல்

கடலைப் பற்றி டெனிஸ்டனுக்கு யாரும் புத்தி சொல்லக்கூடாது. திருகோணமலையில் பதினாறு வயதில் மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர் அவர். இப்போது பிரெஞ்சு பேசும் ஒரு குளிர் நகரத்தின் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் சோளம் விற்கிறார். ஆனாலும் பேச்சில் மட்டும் இன்னும் வள்ளத்தை விட்டு இறங்கவில்லை.

முப்பதாவது கலியாண நாளுக்குத் தாயையும் தகப்பனையும் பஹாமாஸ் தீவுகளுக்கு அனுப்பப் போவதாக மகள் துவாரகா சொன்னபோது, திகதி குறிக்கிற வேலையை அவர் தானே எடுத்துக்கொண்டார். ஆவணியில் ஒரு கிழமை, ஏழு நாளும் சின்னப் படகில் தீவு தீவாகப் போய் வருவது.

"எல்லாரும் தையிலதான் போறவையாம், அப்பா. முன்வீட்டு ஆக்களும் ஜனவரியிலதான் போறவை" என்றாள் துவாரகா.

"மார்கழி தையில கடலுக்குப் போற விசர் ஆருக்கு? ஆவணியில பார், கடல் பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கும்."

திருகோணமலையில் அது சத்தியமான வார்த்தை. அங்கே தென்மேற்குக் கச்சான் காற்று தரையிலிருந்து வீசும் ஆவணியில் கடல் படுத்துக் கிடக்கும், கெடுவதெல்லாம் கார்த்திகையில்தான். பஹாமாஸில் புயல் கிளம்புகிற காலமே ஆவணிதான் என்பது டெனிஸ்டனுக்குத் தெரியாது. உலகத்துக் கடலெல்லாம் திருகோணமலைக் கலண்டரைப் பார்த்துத்தான் ஆடும் என்பது அவருடைய எண்ணம்.

கடல் விஷயத்தில் அவர் மனைவி மரியம்மா வாய் திறந்து இருபத்தேழு வருடமாகிறது.

கலியாணமாகி மூன்றாம் வருடம், ஒரு கார்த்திகைக் காலையில் அவள் வாய் திறந்தாள். வடகிழக்கு வானம் சரியில்லை, இன்றைக்குப் போகவேண்டாம் என்றாள். "கரையில நிக்கிற பொம்பிளையளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிரித்துவிட்டு டெனிஸ்டன் போனார். கூடவே அவளுடைய தம்பி வின்சன்டும் போனான். மத்தியானம் வள்ளம் கவிழ்ந்தது. வெறும் எண்ணெய்க் கலன் ஒன்றைக் கட்டிப்பிடித்தபடி டெனிஸ்டன் மறுநாள் கரைக்கு வந்து சேர்ந்தார். வின்சன்ட் வரவில்லை.

'நான் சொன்னேன்தானே' என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. அவரும் அந்தப் பெயரை ஒருநாளும் எடுத்ததில்லை. வருடா வருடம் கார்த்திகையில் அவள் தம்பிக்குப் பூசை ஒப்புக்கொடுப்பாள். அன்றைக்கென்று பார்த்து அவருக்கு எங்காவது வேலை வந்துவிடும். அவரை மன்னித்துவிட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சமைத்தாள், சிரித்தாள், பிள்ளை வளர்த்தாள், அவ்வளவுதான்.

பயணச்சீட்டு வந்த நாளிலிருந்து மரியம்மா யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை தொடங்கினாள். அவள் ஒரு கார்டரியில், பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில், சமைக்கிறவள். காலையில் சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டு, போனில் பஹாமாஸின் கடல் நிலவரத்தைப் பார்ப்பாள். ஆடி முழுக்க ஒரே பாட்டுத்தான்: கிழக்கிலிருந்து மெல்லிய காற்று, அலை ஓரடி, மிஞ்சினால் இரண்டடி, பின்னேரம் அங்கொன்றும் இங்கொன்றுமாய் இடிமழை, தண்ணீர் வெந்நீர் மாதிரிச் சூடு. காணாத கடலின்மேல் அவளுக்கு ஒரு பட்சமே வந்துவிட்டது. எக்சூமா, லோங் ஐலண்ட், கெட் ஐலண்ட் என்று தீவுகளின் பெயரெல்லாம் பக்கத்துத் தெருக்கள் போலப் பழகிவிட்டன.

பயணம் திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை போனின் வானிலைப் படத்தில், தீவுகளுக்குக் கிழக்கே, புயல் உருவாகலாம் என்று செம்மஞ்சளில் ஒரு வட்டம் முளைத்தது. வெள்ளிக்கிழமை வட்டம் பெருத்தது. சனிக்கிழமை காலை பார்த்தபோது, அலை ஒன்பதடி வரலாம், சின்னப் படகுகள் கரையிலேயே நிற்பது நல்லது என்று எழுதியிருந்தது. மரியம்மா போனைக் கவிழ்த்து வைத்தாள். புயலுக்குப் பயந்து அல்ல. சொன்னால் மனிதர் திரும்பவும் சிரிப்பாரோ என்றுதான் பயம். இன்னொரு தரம் அந்தச் சிரிப்பைக் கேட்டால், இத்தனை வருடமும் கட்டிக் காத்தது அன்றோடு உடைந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும்.

பஸ் பிடித்துச் சந்தைக்குப் போனாள். டெனிஸ்டன் ஒரு கிழவிக்குச் சோளத்தின் தோலை விலக்கி மணியைக் காட்டிக்கொண்டிருந்தார். கிழவி "மெர்சி" என்று நன்றி சொல்லிப் போகும்வரை காத்து நின்றாள்.

"இஞ்சேருங்கோ, திங்கட்கிழமை போகவேண்டாம். கடல் சரியில்லை."

"ஆவணியில கடல்..." என்று தொடங்கியவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சோளக் கதிரைக் குவியலில் வைத்தார். விழுந்த இன்னொன்றைக் குனிந்து எடுத்து அதையும் வைத்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"துவாரகா, நாங்கள் போகேல்ல. அம்மா வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா." மறுபக்கம் மகள் ஏதோ கேட்டாள். "பிளேன் நிப்பாட்டேல்ல. அம்மா சொன்னவ, அது எனக்குக் காணும்."

மரியம்மா வீடு வரும்வரைக்கும் அதை நம்பவில்லை.

ஆனால் கடல் அவளுடைய மானத்தை வாங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை போனைத் திறந்தால், புயலாக வளர்ந்த அந்த வட்டம் வடக்கே திரும்பி நடுச் சமுத்திரத்துக்குப் போயிருந்தது. எக்சூமாவில் வெயில். காற்று மெல்லியது, அலை ஓரடி. படகுகளெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்.

லீவு எடுத்தது எடுத்ததாகவே இருந்ததால் இருவரும் வீட்டில்தான். டெனிஸ்டன் பல்கனியில் இருந்துகொண்டு அவித்த சோளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மூடி மறைத்துவிடுவோமா என்று ஒரு கணம் நினைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் போனை அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"அது விலத்திப் போட்டுது. நான் சொன்னது பிழைச்சுப் போச்சு. உங்கட கடல் பாய் விரிச்ச மாதிரித்தான் கிடக்குது."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவள் சிரிப்புக்குக் காத்திருந்தாள். சிரிப்பு வரவில்லை.

"நல்லது" என்றார்.

"கோவமில்லையோ?"

"என்னத்துக்குக் கோவம்? நீ சொன்னாய், நான் கேட்டன்." பாதிச் சோளத்தைத் தட்டில் வைத்தார். கீழே தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்டைக்கும் நீ சொன்னனீ. நான்தான் கேக்கேல்ல. வின்சன்ட் இருந்திருந்தா இப்ப அம்பது வயசு."

இருபத்தேழு வருடத்தில் அந்தப் பெயர் அவருடைய வாயில் வந்தது அன்றைக்குத்தான். வயதைக்கூடக் கணக்காக வைத்திருந்திருக்கிறார் மனிதர். மரியம்மா மற்ற நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ஆறுதலாக, யாருக்கும் ஒளிக்காமல் அழுதாள். அழ அழ நெஞ்சு லேசானது. அவர் தடுக்கவில்லை, எழும்பிப் போகவும் இல்லை. அவருக்கு அன்றைக்கு எங்கேயும் வேலை வரவில்லை.

அவள் முகம் துடைத்த பிறகு போனை எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தையிலயே போவம்" என்றார். "எந்த நாள் எண்டு நீ பாத்துச் சொல்லு."