கொட்டகையில் ஒரு வெளிச்சம்

விக்கிரவாண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கிய விருத்தாசலம், புளியந்தாங்கலுக்குப் போகும் வண்டிப்பாதையை விட்டுவிட்டு வயல் வரப்பில் நடந்தார். ஊருக்குள் அவர் முகம் தெரியக்கூடாது. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்தது. நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் வானத்தின் கடைசிச் சிவப்போடு அசையாமல் கிடந்தது.

அவருடைய வேலை கொசு பிடிப்பது. பொழுது இறங்கியதும் மாட்டுக் கொட்டகைக்குப் போய், டார்ச் அடித்து, மாட்டின் வயிற்றிலும் தொடையிலும் உட்காரும் கொசுக்களை ஒரு கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் புட்டியில் அடைக்க வேண்டும். குழாயின் நடுவில் வலைத்துணி இருப்பதால் கொசு வாய்க்குள் வராது. ஒரு மணி நேரத்தில் எத்தனை சிக்கின என்று விழுப்புரம் சுகாதார அலுவலகத்தில் சொல்ல வேண்டும். எண்ணிக்கை திடீரென்று ஏறினால் சில வாரங்களில் குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சல் வரக்கூடும். அதற்குள் மருந்தடிக்க ஆள் போக வேண்டும். பன்றியைக் கடித்த கொசுதான் அந்த நோயைக் கொண்டுவரும் என்பதால், பன்றிப் பட்டிகளை ஊரை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் எண்ணிக்கை ஏறியது. அலுவலகத்தில் இருந்த ஒரே மருந்துக் குழு திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் போயிருந்தது. அது திரும்பி வருவதற்குள் புளியந்தாங்கலில் தாண்டவராயன், பாஞ்சாலி தம்பதியின் மகன் சின்னதுரை ஜுரத்தில் விழுந்தான். பையனை மாட்டு வண்டியில் போட்டு எடுத்துப் போனபோது விருத்தாசலம் எதிரே வந்தார். வலிப்பு நின்றுபோன அந்தக் கண்கள் திறந்தே இருந்தன. அவை யாரையும் பார்க்கவில்லை. ஆனால் அவரைக் கடந்து போகும்வரை அவர் மேலேயே இருந்ததுபோல் இருந்தது.

பையன் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு ஊர் வேறு மாதிரி பேசியது. மாட்டுக் கொட்டகையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு ரத்தம் உறிஞ்சுகிறவன் அவன். காய்ச்சலைக் குழாயில் கொண்டுவந்து ஊதிவிட்டுப் போனவன் அவன். தடியோடு விரட்டினார்கள். அடுத்து வந்த சித்திரையில் அலுவலகமும் கைவிரித்தது. தற்காலிக ஆட்களுக்கு அந்த ஆண்டு நிதி ஒதுக்கவில்லை. விருத்தாசலம் திண்டிவனத்தில் ஒரு வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கப் போனார்.

ஆனால் மழை தொடங்கியதும் அந்தக் கண்கள் வந்துவிட்டன. சாயங்காலம் மண்டியில் விளக்கேற்றிக் கற்பூரம் காட்டும்போது, அவர் கும்பிட்ட கையைப் பிரிப்பதற்குள் அவை எதிரே நின்றன. கால்கள் தாமாகப் பஸ் நிலையத்துக்குப் போயின. அவர் நேராகத் தாண்டவராயன் வீட்டுக் கொட்டகைக்கே வந்தார். பன்றிப் பட்டிக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது அதுதான்.

வெளிச்சம் வெளியே தெரியாதிருக்க டார்ச்சின் முகத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தார். மாடுகள் அவரை மறக்கவில்லை.

வந்து சில நாள் ஆனதும், மாட்டுத் தொட்டியின் விளிம்பில் ஒரு சொம்பு இருந்தது. கேப்பைக் கூழ். மேலே இலையில் ஒரு துண்டு வெல்லம். அவருக்குக் கண் கலங்கியது. ஊரில் யாரோ ஒருவருக்குத் தன்னைத் தெரிந்திருக்கிறது. விரட்டாமல், பசிக்குமே என்று நினைத்திருக்கிறார். ஆண்டவனே, நீ ஒருத்தரையாவது விட்டுவைக்கிறாய் என்று சொல்லிக்கொண்டு குடித்தார். மறுநாளும் சொம்பு இருந்தது. அதற்கு மறுநாளும். அந்தக் கூழின் பலத்தில்தான் அவர் வந்துபோனார் என்றே சொல்லலாம். நடுவில் இரண்டு நாள் ஜுரமாகப் படுத்துவிட்டார். அதைத் தவிர ஒருநாளும் தப்பவில்லை.

அன்று வரப்பைத் தாண்டிக் கொட்டகைக்குள் நுழைந்து, துணி கட்டிய டார்ச்சை அமுக்கினார். சிவப்பு வெளிச்சம் மாட்டின் காலடியில் விழுந்தது. அங்கே ஒரு பாயில் ஐந்தாறு வயதுப் பெண் குழந்தை படுத்திருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன.

விருத்தாசலம் ஓர் அடி பின்வாங்கினார்.

"அண்ணே," என்றது குழந்தை. "வந்துட்டியா?"

அவர் டார்ச்சைச் சற்றுத் தாழ்த்தினார்.

"அம்மா சொல்லிச்சு. நீ தெனம் வெளக்கு எடுத்துக்கினு வர்றியாம். என்னைப் பாக்கணும்னுதான் வர்றியாம். பயப்படாத படுத்துக்கினு இருன்னிச்சு. கூழ் குடிச்சிட்டியா? வெல்லம் நான் வெச்சது."

சொம்பு தொட்டியின் மேல் இருந்தது. இத்தனை நாளும் தான் குடித்தது சின்னதுரைக்கு வைத்த கூழ் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

குழந்தையின் கால்களைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கொசுக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மாட்டைக் கடித்ததும் பன்றியைக் கடித்ததும் அந்த வெறும் காலில் இருந்தன. அவர் மண்டியிட்டு, குழாயை வாயில் வைத்து, ஒவ்வொன்றாக எடுத்தார். குழந்தை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூசுது அண்ணே," என்று சிரித்தது.

எடுக்க எடுக்க வந்தன. தான் இருட்டில் ஒளித்துக் கொண்டுவந்த வெளிச்சம்தான் இந்தக் குழந்தையை இங்கே படுக்க வைத்திருக்கிறது என்பது அவர் நெஞ்சில் கல்லாக விழுந்தது. வீட்டுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டது. கூழைத் தொடாமல் டார்ச்சை அணைத்துவிட்டு வரப்பில் இறங்கினார்.

மறுநாள் காலை விழுப்புரம் அலுவலகத்தில் இன்ஸ்பெக்டர் தேவசகாயத்தின் மேசையில் புட்டிகளை வைத்தார். தேவசகாயம் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உள்ளே கறுப்பாக இருந்தது.

"உனக்கு வேலை போயி ஆறு மாசம் ஆச்சு," என்றார். "கொசுவுக்கு மட்டும் ஆர்டர் போகலை போலிருக்கு. ஒழுங்கா டூட்டிக்கு வருது."

"மருந்து அடிக்க ஆள் அனுப்புங்க சார்."

"மருந்து குடோன்ல இருக்கு. மெஷின் இருக்கு. அடிக்கிற ஆளுக்குத்தான் பணம் வரலை. மெட்ராசுக்கு எழுதிக்கிட்டே இருக்கேன். காய்ச்சல் வந்த பிறகு பணம் வரும் விருத்தாசலம். வராம தடுக்கிறதுக்குக் கேட்டா, எங்கேய்யா காய்ச்சல்னு கேக்கறாங்க."

விருத்தாசலம் கொட்டகையில் நடந்ததைச் சொன்னார். தேவசகாயம் புட்டியைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, பின்னால் இருந்த தன் குவார்ட்டர்சுக்குப் போய் ஒரு மூட்டையோடு திரும்பினார்.

"எங்க வீட்டுக் கொசுவலை. இன்னிக்கு எம் பொண்டாட்டி கிட்ட எனக்கு அர்ச்சனை இருக்கு. நீ கொண்டு போ. இந்தத் தடவை வாசல் வழியாப் போ."

"அந்தம்மா கிட்ட எப்படி சார் சொல்றது? உம் புள்ள வரலம்மா, நான்தான் வந்தேன்னு சொன்னா, அவன் இன்னொரு தடவை செத்த மாதிரி இல்லியா?"

"ஆமாம்," என்றார் தேவசகாயம். "ஆனா இன்னொரு குழந்தை இருக்கே."

அன்று மாலை விருத்தாசலம் வண்டிப்பாதையிலேயே நடந்தார். பாஞ்சாலி வாசலில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் தீக்குச்சி கையிலேயே எரிந்தது.

"யோவ்! எங்கய்யா வந்த நீ? இங்க வாங்களேன், அந்த ரத்தம் உறிஞ்சறவன் வந்துகிறான்!"

தாண்டவராயன் மண்வெட்டியோடு ஓடி வந்தார். "டேய், போன தடவ வாங்கினது பத்தலியா? ஒயுங்கா போயிடு."

"அடிங்க அண்ணே. ஆனா சொல்லிட்டுப் போறேன்," என்றார் விருத்தாசலம். "தங்கச்சி, பாப்பாவைக் கொட்டாயிலே படுக்க வெக்காத. உம் புள்ளைய கொண்டுபோனது அங்க இருக்கற கொசுதான். அது பொழுது சாஞ்சா அங்கதான் கூடுது."

"எங்கூட்டுக் கொட்டாயிலே எம் பொண்ணு படுக்கறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் பையிலிருந்து டார்ச்சை எடுத்து அமுக்கினார். சிவப்பு வெளிச்சம் அவள் காலடியில் விழுந்தது.

பாஞ்சாலி அதையே பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் போய், அதைவிடப் பயங்கரமான ஒன்று வந்தது. யாரோ அவள் கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டது போல விரல்கள் மூடித் திறந்தன.

"அந்தக் கூழு?"

"நான்தாம்மா குடிச்சேன். என்னை யாரோ தெரிஞ்சி வெக்கறாங்கன்னு நெனச்சேன். தெரியாத குடிச்சிட்டேன்."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தாண்டவராயன் மண்வெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். உள்ளிருந்து குழந்தை அஞ்சலை எட்டிப்பார்த்து, "அம்மா, அண்ணனோட வெளக்கு," என்றது.

பாஞ்சாலி குனிந்தபடியே கேட்டாள். "தெனமும் நீதான் குடிச்சியா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை. "நடுவுல ரெண்டு நாள் வரல தங்கச்சி. எனக்கே ஜுரம். அமாவாசைக்கு அடுத்த ரெண்டு நாளு."

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"அந்த ரெண்டு நாளும் சொம்பு காலியாத்தான் இருந்திச்சு."

கொட்டகைப் பக்கம் மாட்டின் கழுத்துமணி ஒருமுறை அசைந்து நின்றது. நாய் குடித்திருக்கலாம்; ஆனால் சொம்பு ஒருநாளும் கவிழ்ந்ததில்லை. விருத்தாசலத்தின் முதுகில் குளிர் ஏறியது. ஆனாலும், மழை தொடங்கியதிலிருந்து முதல் முறையாக, அந்தக் கண்களை நினைத்தபோது அவருக்குப் பயம் வரவில்லை.

"குடு அதை," என்று பாஞ்சாலி கொசுவலைக்குக் கை நீட்டினாள். அதை விரித்துப் பார்த்து, கிழிசல் இருக்கிறதா என்று முகத்தருகே பிடித்துத் தடவினாள். "அவன் பாக்கணும்னா ஊட்டுக்குள்ள வந்து பாக்கட்டும். அவனுக்கு வழி தெரியாதா இன்னா?"

பிறகு உள்ளே போனவள் இரண்டு சொம்புகளோடு வந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

"இது உனக்கு அண்ணே. இன்னொண்ண நீ தொடக் கூடாது."

அதற்கு மறுநாளிலிருந்து தாண்டவராயனே டார்ச் பிடித்தார். சிவப்புத் துணி வேண்டியிருக்கவில்லை. பன்றி வளர்ப்பவர்களிடமும் அவரே போய்ப் பேசி, ஏரிக்கரைக்கு அப்பால் புதுப் பட்டி கட்ட மண் சுமந்தார். வீடு வீடாக வேப்பிலைப் புகை போட்டார்கள். கார்த்திகையில் காணைப் பக்கம் ஒரு கிராமத்தில் காய்ச்சல் வந்தது. அங்கே கொசுவைப் பிடித்து எண்ணிப் பார்க்க ஆள் இல்லை. புளியந்தாங்கலில் எந்தக் குழந்தையும் காய்ச்சலில் விழவில்லை. அஞ்சலை வலைக்குள் உட்கார்ந்து, நான் மீன், எங்கம்மா புடிச்சிட்டா என்று விளையாடினாள்.

காணைக் காய்ச்சலுக்குப் பிறகு தை மாதத்தில் நிதி வந்தது. விருத்தாசலத்தை மீண்டும் வேலைக்கு எடுத்த உத்தரவை இன்ஸ்பெக்டரே கொண்டுவந்து கொடுத்தார். மார்ச் வரைக்கும்தான்.

"அதுக்கப்பறம்?" என்று கேட்டாள் பாஞ்சாலி.

"தெரியல தங்கச்சி."

"மழ வந்தா வந்துடு. கூழ் இருக்கும்."

அவர் வந்தார். அடுத்த ஐப்பசியிலும், அதற்கடுத்த ஐப்பசியிலும், நிதி இருந்த வருஷமும் இல்லாத வருஷமும் வந்தார். தொட்டியின் மேல் எப்போதும் இரண்டு சொம்புகள் இருந்தன. தன்னுடையதைக் குடித்துவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொள்வார். இரண்டாவது சொம்பின் பக்கம் அவர் ஒருநாளும் டார்ச்சைத் திருப்பியதில்லை.