எட்டு வரி மன்னிப்பு

"வாஸ்கோ மாமா, சீட்டைக் கீழ வைங்க. அப்பா இன்னும் ஒரு மணி நேரம் தாங்க மாட்டார்."

மிரெல்லா ஓடிவந்த வேகத்தில் மதுக்கடை நாற்காலி ஒன்று சாய்ந்தது. வாஸ்கோ சீட்டை வைக்கவில்லை.

"டுயிலியோ இன்னுமா சாகல? அவன் நாக்குக்குத் தனி ஆயுசு போல."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு.

அந்த நாக்குதான் இருபது வருடம் முன்பு, அறுவடைத் திருவிழாப் பாட்டுப் போட்டி மேடையில், "இவன் வீட்டிலேயே எழுதி மனப்பாடம் பண்ணிட்டு வர்றான்" என்று வாஸ்கோவை ஊர் முன்னால் சொன்னது. பொய். அன்று டுயிலியோவுக்குத் திருப்பிப் பாட வரி அகப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்த எட்டு வரிப் பாட்டைக் கடல் கடந்த கவிஞர்களெல்லாம் கடன் வாங்கிப் பேர் எடுத்தார்கள். இந்த மரெம்மாச் சீமையின் இடையர்களோ அதை நின்ற இடத்திலேயே கட்டினார்கள். ஒருவன் முடித்த இயைபில் அடுத்தவன் தொடங்க வேண்டும். காகிதம் தொட்டவன் கவிஞனே அல்ல. அன்றோடு வாஸ்கோ பாடுவதை விட்டுவிட்டார்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுப் பாட்டு கட்டியிருக்கார் மாமா. நீங்க பதில் பாடிட்டா நிம்மதியாப் போயிடுவார்."

வாஸ்கோவின் கை நின்றது. சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார்.

"சொல்லு."

மிரெல்லா பையிலிருந்து மடித்த தாளை எடுத்தாள். அப்பா மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னதை, ஒரு சொல்லும் தவறக் கூடாதென்று காலையில் எழுதியது. இரண்டு வரி வாசித்தாள். மூன்றாவது வரியில்தான் கடை அடங்கிப்போனது அவள் காதில் விழுந்தது.

"காகிதமா?" என்றார் வாஸ்கோ.

"அவரால பேச முடியல மாமா, நான்தான்..."

"எந்தக் காகிதத்தைச் சொல்லி என்னை அழிச்சானோ, அதையே என்கிட்ட அனுப்பியிருக்கான். சாகப் போறப்பவும் கிண்டல்!"

"சத்தியமா இல்ல! எழுதினது நான்!"

தொப்பியை மாட்டிக்கொண்டு அவர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

வீட்டில் டுயிலியோ கண்ணைத் திறந்தார்.

"கேட்டானா?"

"கேட்டார்ப்பா."

"பதில்?"

"யோசிச்சிட்டிருக்கார். சித்த நேரத்துல வந்துடுவார்."

டுயிலியோ மகளையே பார்த்தார்.

"வாஸ்கோ யோசிச்சுப் பாடுறவன் இல்லையேம்மா," என்றார். பிறகு, "ஜன்னலைத் திற."

திறந்தாள். வெளியே தெரு காலியாக இருந்தது.

ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த தலையை மிரெல்லா இரண்டு கையாலும் பிடித்து நேராக்கினாள். கையை எடுத்ததும் அது மறுபடி அந்தப் பக்கமே சாய்ந்தது.