ஏழும் எதிர் ஏழும்

நாளைக் காலையில் அஞ்சலிக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இன்று சாயங்காலம் பார்த்து அவள் கண்ணாடி மேல் என் வீட்டுக்காரர் ரெக்ஸ் பைக்கை ஏற்றிவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் என் மகள் புத்தகத்தை மூக்கில் வைத்துத்தான் படிப்பாள். கேள்வித்தாளையும் மோந்து பார்த்தா பரீட்சை எழுத முடியும்?

பவர் எழுதிய டாக்டர் சீட்டைக் காணோம். உடைந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு உழவர்கரையில், எல்லோரும் பிரெஞ்சு மரியாதையாக முசே என்று கூப்பிடும் ஜூலியனின் கண்ணாடிக்கடைக்கு ஓடினோம். பவர் பார்க்கும் மெஷின் பழுதாம். கையாலேயே பார்த்தார். சில்லின் மேல் பிளஸ் லென்சுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பிடித்து, அதன் வழியாகச் சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி மெல்ல ஆட்டினார். எழுத்து ஆடாமல் நின்றால் ஒரு பவரை இன்னொன்று தின்றுவிட்டது என்று அர்த்தமாம். ஐந்தும் இரண்டும் சேர்ந்தபோது நின்றது. இரண்டை முன்னாலும் ஐந்தைப் பின்னாலும் வைத்துப் பார்த்தார். அப்போதும் நின்றது. ஏழு என்றார். எனக்கு உயிர் வந்தது.

கடை மூடும் நேரத்தில் புதுக் கண்ணாடி தயாரானது. மாட்டிய அஞ்சலி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, எதுவுமே தெரியலம்மா. முன்ன விட மோசமா இருக்கு."

கண்ணே போய்விட்டதா? பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் நீளும். எந்நேரமும் போனைப் பார்த்தாயே, அனுபவி என்று கொட்டித் தீர்த்தேன். காலையில் கண் டாக்டரிடம் போகலாம் என்ற ரெக்ஸ் மேல், காலையில் பரீட்சை என்று பாய்ந்தேன். ஜூலியனோ ஏழுதான் என்று சாதித்தார்.

அஞ்சலி கண்ணாடியைக் கழற்றினாள். பழைய சில்லைத் தடவி எடுத்துப் புது லென்ஸ் மேல் வைத்து என்னிடம் நீட்டினாள்.

"இது வழியா காலண்டரப் பாரும்மா. எழுத்து சின்னதா தெரியுதா, பெருசாவா?"

"வெறுங்கண்ணுல பாக்குற மாதிரிதான்டி இருக்கு."

"அப்ப ரெண்டையும் கூட்டினா சைபர். பழசுக்கு எதிரானதப் போட்டுட்டீங்க முசே. எனக்கு மைனஸ் ஏழு."

ஜூலியன் தலையில் கைவைத்துக்கொண்டார். சில்லின் பவரைத் தின்ற அதே பிளஸ் ஏழில் லென்ஸ் எடுத்து ஃபிரேமுக்கு அறுத்திருக்கிறார். குறியைத் திருப்ப மறந்துவிட்டார். மைனஸ் ஏழு இருக்கிறதா என்று அலமாரியைக் குடைந்தார். அவர் குடையக் குடைய நானும் ஒவ்வொரு தட்டாகக் குனிந்து பார்த்தேன். அடித்தட்டில் ஒரு ஜோடி கிடைத்தது.

அதை அறுத்து மாட்டிக் கொடுத்ததும் அஞ்சலி எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகையைப் படித்தாள். காலண்டரின் பொடி எழுத்தையும் படித்தாள். பிறகு திரும்பி என் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, எவ்ளோ நேரமா அழுவுற நீ?"