நாற்பது கோணல் பூனைகள்

அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். தலையணை உறையைக் கையில் எடுப்பார்கள், மூக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார்கள், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்துவிட்டது போல உதட்டைச் சுழிப்பார்கள்.

"இது மெஷின்ல போட்டதுதானே?"

கடைக்காரி பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனவள். வாசல் பலகையில் 'எல்லாம் கையால் தைத்தவை' என்று சாண் உயர எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். அதைப் படித்துவிட்டு உள்ளே வந்துதான் இந்தக் கேள்வி. பதினொரு வருஷம் ஊசி பிடித்து, ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் மயிரிழை வித்தியாசம் வராமல் பழகிய கைக்கு ஜனங்கள் கொடுத்த பட்டம், மெஷின். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, "கைதாங்க" என்பாள் வாயால். "அப்படியா? ரொம்ப நேரா இருக்கே" என்று குறைப்பட்டுக்கொண்டு கீழே வைத்துவிட்டுப் போவார்கள். நேராக இருப்பதும் ஒரு குற்றமா, நீங்களே சொல்லுங்கள்!

கடை என்பது வீட்டின் முன்னறைதான். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, மாமியார், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசி பசி என்று பறக்கிற மகள். இந்தப் பக்கம் இரண்டு அலமாரி, ஒரு மேசை, தெருவைப் பார்த்த ஜன்னல். பால் பொங்குகிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துவிட்டு, கண்ணையும் கையையும் துணிக்குக் கொடுத்துத்தான் அவள் தைப்பாள். முழுசாக ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் தைத்த நாள் எது என்று கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது.

அந்த ஜன்னலில் மட்டும் விற்கிற சாமான் எதையும் வைக்க மாட்டாள். அங்கே தொங்கியது அவள் தனக்கென்று தைத்துக்கொண்டிருந்த துணி. பாதிக் கதவு அளவு. துணி காயப்போடும் கொடி ஒன்று, அதில் காற்றில் ஆடுகிற ஒரு வீட்டின் துணிமணிகள். மகளின் யூனிஃபார்ம், மாமியாரின் போர்வை, புருஷனின் ஆபீஸ் சட்டை, அதன் முழங்கை தேய்ந்த இடம் உட்பட. தெருவுக்கு அதன் முன்பக்கம், உள்ளே உட்கார்ந்திருக்கும் அவளுக்கு அதன் பின்பக்கம். தினமும் தான் பார்ப்பது பின்பக்கம் என்பதால் அதிலும் ஒரு முடிச்சு, ஒரு நூல் நுனி தெரியாமல் தைத்திருந்தாள். இரண்டு வருஷ வேலை. ஒரே ஒரு துணி பாக்கி, சமைக்கும்போது அவள் கட்டிக்கொள்கிற நீல ஏப்ரன். வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிறவள், கொடியிலும் தன்னைக் கடைசிக்குத்தான் வைத்திருந்தாள். மற்றதெல்லாம் குடும்பத்துக்கு. அந்த ஜன்னல் ஒன்றுதான் அவளுக்கு.

இப்படி இருக்கையில்தான் புருஷன் வேலை பார்த்த ஆபீஸை ஒரு திங்கட்கிழமை இழுத்து மூடினார்கள். நாலு மாதம் மனுஷர் சோபாவில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பிறகு ஒரு நாள், "உனக்கு ஒத்தாசையா இருக்கேன்" என்று கடைக்குள் வந்து உட்கார்ந்தார். என்ன ஒத்தாசை என்கிறீர்கள்? நூல்களை நிறம் பிரிக்கிறேன் என்று எல்லாவற்றையும் சிக்காக்கினார். வாங்க வந்தவர்களை நிறுத்திவைத்து உலக நடப்பு பேசினார். அதுவும் தீர்ந்து பொழுது போகாத ஒரு மத்தியானம், கெட்டித் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பூனை தைத்தார்.

பூனை என்று அவரே சொன்னதால் அது பூனை. நாலு காலும் நாலு நீளம். ஒரு கண் நெற்றிக்கு ஏறியிருந்தது. ஒரு பக்கம் மூன்று மீசை, மறுபக்கம் மொட்டை. "அந்தப் பக்கத்துக்கு நூல் பத்தல" என்றார். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காக்கைக் கூடு.

"என் புள்ள கையில கலை இருக்குன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மாமியார் திரைக்குள்ளிருந்து தலையை நீட்டி. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அவரோ அந்தப் பூனையைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் போட்டுக்கொண்டார். அதோடு போயிருக்கும், சனியன். போகவில்லை.

மறுநாள் பெரிய கடை மேடம் வந்தாள். கடைத்தெருவில் மூன்று மாடிக்குப் பரிசுப் பொருள் கடை வைத்திருப்பவள். அலமாரியில் எதை எடுத்தாலும் "மெஷின்" என்று சொல்லி வைத்தாள். ஜன்னல் துணியைப் பார்த்து, "இப்பல்லாம் பிரிண்ட் எவ்வளவு அழகா பண்றாங்க!" என்றாள். கடைக்காரிக்குச் சுருக்கென்றது. அப்போதுதான் மேடத்தின் கண் தேநீர்க் கோப்பைக்கு அடியில் போயிற்று.

"அய்யோ, இது! இதுல உயிர் இருக்கே! யார் தைச்சது?"

"நான்தான்" என்றார் புருஷன், கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"எனக்கு இதே மாதிரி நாற்பது வேணும் சார். ஒரு மாசத்துல முடியுமா?"

"தாராளமா" என்றார். பக்கத்தில் பெண்டாட்டி நிற்கிறாள், ஒரு வார்த்தை கேட்போம் என்றெல்லாம் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு அவருக்குத் தலைகால் புரியவில்லை. பூனைகளோடு கட்டித் தொங்கவிட மேடம் ஒரு சீட்டு அச்சடித்து அனுப்பினாள். அதில் அவருடைய படம், அதற்குக் கீழே, 'வேலையை இழந்த ஒரு தந்தை, நூலில் தன்னைத் தேடிக் கண்டெடுத்தார்.' தன்னைத் தேடினாராம்! கீழே விழுந்த ஊசியைத் தேடவே இவருக்கு இரண்டு ஆள் வேண்டும்.

"மேடம் ஜன்னல்ல என் பூனையை வைக்கச் சொல்லியிருக்காங்க. உன் கொடித்துணியைக் கொஞ்ச நாளைக்கு உள்ள வச்சுக்கோயேன்."

கொடித்துணி சுருண்டு சமையலறைக் கதவுக்குப் பின்னால், துடைப்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவள் ஏன் விட்டாள் என்று கேட்பீர்கள். நாலு மாதத்துக்குப் பிறகு அன்று காலைதான் அவர் முகம் மழித்தார், சீட்டியடித்தார், மகளிடம் சிரித்துப் பேசினார். அதைப் பார்த்ததும் அவளே துணியைக் கழற்றிச் சுருட்டிவிட்டாள். பாவம் பார்த்தாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

முதல் வாரத்தில் மூன்று பூனை பிறந்தது. இரண்டாவது வாரம் அவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

"நீதான் கொஞ்சம் கை குடுக்கணும்" என்றார்.

"வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கிட்டு, இப்ப குடையுதுன்னா நான் என்ன பண்றது?"

"வாக்கு குடுத்துட்டேனே. நீ பத்து நாள்ல முடிச்சிடுவ. உனக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

ஒரு வேலையா! நேராகத் தைக்கப் பழகிய கையைக் கோணலாகத் தைக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் என்று நினைத்துவிடாதீர்கள். விட்டால் கை தானாக நேரே போகும். அதை இழுத்துப் பிடித்து, இங்கே ஒரு இடறல், அங்கே ஒரு தள்ளாட்டம் என்று யோசித்து யோசித்துக் கெடுக்க வேண்டும். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பூனையையும் மாப்பிள்ளையைப் பார்ப்பது போலத் தள்ளி வைத்துப் பார்த்து, போதுமான அளவு அசிங்கமாக வந்திருக்கிறதா என்று சரிபார்த்தாள். முன்பக்கம் வந்துவிட்டது. பின்பக்கத்தைத்தான் அவளால் கெடுக்க முடியவில்லை. முடிச்சைத் தொங்கவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

"பின்னாடியெல்லாம் எதுக்கு இவ்வளவு சிரத்தை? யார் பாக்கப் போறா?" என்றார் அவர்.

"நான் பாக்குறேன்ல."

அந்த மாதம் முழுக்க நீல ஏப்ரன் நீலமாகவே ஆகவில்லை. துடைப்பத்துக்குப் பக்கத்தில் கொடித்துணி தூசி தின்றது. வாசலில் அவரோ, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இது சொல்லிக்குடுத்து வர்றதில்லைங்க, உள்ளேயிருந்து வரணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்துதான் வந்தது. திரைக்கு உள்ளேயிருந்து.

மாதக் கடைசியில் மேடம் வந்து நாற்பதையும் மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றுக்கும் "ஆகா" போட்டாள். பிறகு போனைத் தூக்கினாள்.

"சார், ரெண்டு நிமிஷம் தைங்க. வீடியோ எடுத்துக்கிறேன். எங்க கஸ்டமர்ஸ் உங்க கையைப் பாக்கணும்."

"இன்னைக்கு மனசு ஒட்டல மேடம். கலைன்னா தானா வரணும்."

கடைக்காரி ஊசியில் நூலைக் கோத்தாள், துணியை ஃபிரேமில் மாட்டினாள், அவர் மடியில் வைத்தாள். "இந்தாங்க. தானா வரும்."

அவர் தைத்தார். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கால் மணி கழித்து அரைப் பூனை வந்தது. மேடம் அதை வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"இது உங்க கை இல்லையே சார். அதுல இருக்கிற உயிர் இதுல இல்ல. யாரோ உங்களைப் பாத்துக் காப்பியடிச்ச மாதிரி இருக்கு."

கூத்தைப் பார்த்தீர்களா! அவருடைய அசல் கோணல், அவளுடைய போலிக் கோணலுக்குப் பக்கத்தில் எடுபடவில்லை. கடைக்காரிக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. இதற்குப் போய்ப் பெருமைப்படுகிறோமே என்று அடுத்த கணம் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

மேடம் அரைப் பூனையைத் திருப்பினாள். காக்கைக் கூடு. குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினாள், பளிச்சென்று இருந்தது. இன்னொன்று, அதுவும் பளிச். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நாற்பதையும் புரட்டினாள்.

"மூணு ஒரு கை. முப்பத்தேழு வேற கை."

"எல்லாம் நான்தான் மேடம். என் கை அப்பப்ப மாறும்" என்றார் அவர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குச் சோறாவது நிறைய இருக்க வேண்டாமா?

"அப்போ இதே மாதிரி பின்னாடி சுத்தமா ஒண்ணு தைச்சுக் காட்டுங்க."

குத்தினார். துணியில் இல்லை, நகக்கண்ணில். ரத்தம் சொட்டியது. திரை விலகி மாமியார் ஓடி வந்தாள்.

"போதும்மா, விட்டுடு! புள்ள விரலே போயிடும் போலிருக்கு. இவன் தைச்சது மூணுதான். மிச்சமெல்லாம் அவதான் தைச்சா."

நியாயத்தைப் பார்த்து வந்த வார்த்தை இல்லை அது, மகன் ரத்தத்தைப் பார்த்து வந்தது. எப்படியோ, வந்தது.

மேடம் அசருகிறவளா? "அதனால என்ன? சீட்டுல சார் படமே இருக்கட்டும், கதை நல்லா இருக்கு. நீங்க இன்னும் இருநூறு தைச்சுக் குடுங்கம்மா."

புருஷன் விரலை வாயில் வைத்துக்கொண்டே தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தரிக்கோலை எடுத்தாள். முப்பத்தேழு பூனையிலிருந்தும் சீட்டை வெட்டிப் போட்டாள்.

"உங்க கதை இந்த மூணுக்குத்தாங்க. எடுத்துட்டுப் போங்க. மிச்சம் என் கை. என் கையில கோணல் கிடையாது, இனிமே வராது."

"நேரா தைச்சது ஏதாவது இருக்கா அப்போ?" என்றாள் மேடம், ஒப்புக்கு.

கடைக்காரி உள்ளே போய்த் துடைப்பத்தைத் தள்ளிவிட்டுக் கொடித்துணியைக் கொண்டுவந்தாள், உதறினாள், விரித்தாள். மேடம் முன்பக்கத்தைப் பார்த்தாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"பின்னாடியும் இவ்வளவு சுத்தமா? அப்போ சந்தேகமே இல்ல, மெஷின்தான்."

கடைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேடம் முகத்தைத் தூக்கிக்கொண்டு, உயிருள்ள மூன்று பூனைகளோடு படியிறங்கிப் போனாள்.

"ஆர்டர் போச்சே!" என்றார் புருஷன்.

"உங்களுக்கு வந்தது உங்களை விட்டுப் போச்சு. எனக்கு எப்ப வந்தது?"

"நாமன்னு நெனச்சுத்தானே செஞ்சேன்..."

"நாமன்னா அந்தச் சீட்டுல ரெண்டு முகம் இருந்திருக்கும். ஸ்டூலைப் பிடிங்க, ஜன்னல்ல மாட்டணும்."

அவர் ஸ்டூலைப் பிடித்தார். முப்பத்தேழு பூனைகளும் அடுப்பங்கரைக்குப் போயின. "உயிர் இருக்குன்னு சொன்னாளே, நல்லாத்தான் சூடு தாங்குது" என்று மாமியார் பூனையால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள்.

மறுநாள் கடைக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து, தொங்குகிற துணியின் கீழ் மூலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நீல நூலைக் கோத்தாள். புருஷன் விரலில் கட்டோடு வாசலில் நின்றார். தெருவில் போன ஒருவர் ஜன்னல் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தார்.

"மெஷினா சார்?"

"கை வேலைங்க."

அந்த ஆள் துணியைப் பார்த்தார், அவர் விரல் கட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஓகோ! நீங்கதான் தைச்சீங்களா?"

கடைக்காரியின் ஊசி பாதி வழியில் நின்றது. ஒரு மாதமாக இந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில் என்ன என்று அவளுக்குத் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தார்.

"இல்லீங்க. நான் ஊசியில குத்திக்கிட்டவன். தைச்சவ உள்ள இருக்கா."

ஊசி துணிக்குள் இறங்கியது.

"ஏங்க," என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். "சொல்லியாச்சுல்ல? வாசலை மறைச்சுக்கிட்டு நிக்காம தள்ளி நில்லுங்க. வெளிச்சம் வரல."